மனைவி என்று நிரூபி: ஜீவனாம்சச் சட்டத்தின் நூற்று அறுபது ஆண்டுகள்

ஜீவனாம்ச வழக்குப் போட வரும் பெண்களோடு நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஒரு கேள்வி மனப்பாடமாகியிருக்கும். "கல்யாணத்துக்கு என்னம்மா ஆதாரம் இருக்கு?" பத்திரிகை அடித்தீர்களா, மண்டப ரசீது இருக்கிறதா, போட்டோ இருக்கிறதா, பதிவு செய்தீர்களா? எங்களோடு வந்த ஒரு அக்காவிடம் இவற்றில் எதுவும் இல்லை. சேரி மாரியம்மன் கோயில் வாசலில், இரு பக்கத்துப் பெரியவர்கள் முன்னிலையில் தாலி கட்டிய கல்யாணம் அது. பதினோரு ஆண்டு வாழ்க்கை, இரண்டு பிள்ளைகள். "ரெண்டு புள்ளைங்க நிக்குது, இதுக்கு மேல என்ன சார் ஆதாரம் வேணும்?" என்று அவர் கேட்டார். வக்கீல் பதில் சொல்லவில்லை. ரேஷன் கார்டில் கணவர் பெயர் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார்.

நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் ஜீவனாம்சச் சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று சில மாதங்களாகப் பேசிவருகிறோம். அப்படிப் பேசும்போதெல்லாம் இளம் தோழர்கள் இரண்டு கேள்விகளை எழுப்புகிறார்கள். இது மத்தியச் சட்டமாயிற்றே, மாநிலம் என்ன செய்ய முடியும்? இது பெண்கள் பிரச்சினைதானே, சாதிப் பிரச்சினை எப்படி ஆகும்? இந்தச் சட்டம் எப்படி உருவானது என்ற கதையைத் தெரிந்துகொண்டால் இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

கதை 1861இல் தொடங்குகிறது. பிரிட்டிஷ் அரசு அந்த ஆண்டு கொண்டுவந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே, வசதி இருந்தும் மனைவியையும் பிள்ளையையும் காப்பாற்றாத ஆணை மாஜிஸ்திரேட் பணம் கட்டச் சொல்லலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. மாதம் 50 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. குடும்ப விவகாரம் எதற்காகக் குற்றவியல் சட்டத்துக்குள் வந்தது? கைவிடப்பட்ட பெண்ணும் பிள்ளையும் தெருவுக்கு வந்தால் பிச்சையும் திருட்டும் பெருகும், அது அரசுக்குத் தொல்லை. பெண்ணின் உரிமை என்ற எண்ணம் அதில் இல்லை, ஊர் அமைதி கெடக்கூடாது என்ற கவலைதான் இருந்தது. அதே பிரிவு 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் 488ஆம் பிரிவானது. உச்சவரம்பு 1923இல் 100 ரூபாய், 1955இல் 500 ரூபாய். 1973இல் புதிய சட்டம் வந்தபோது 125ஆம் பிரிவு என்று எண் மாறியது, விவாகரத்து பெற்ற பெண்ணும் கேட்கலாம் என்று சேர்த்தார்கள். அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 500 ரூபாய் 500 ரூபாயாகவே நின்றது. 2001இல் நாடாளுமன்றம் வரம்பை நீக்கும் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், அரிசி விலை எங்கே போனாலும் கைவிடப்பட்ட பெண்ணின் உச்ச விலை அதுவே.

ஷா பானு வழக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வழக்கில் தொகை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், பத்தில் ஒருவர் சொல்வது கடினம். நல்ல வருமானமுள்ள இந்தூர் வழக்கறிஞர் தன் வயதான மனைவிக்குத் தர வேண்டியதாக மாஜிஸ்திரேட் உத்தரவிட்டது மாதம் 25 ரூபாய். உயர்நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அதை எதிர்த்துத்தான் அந்த மனிதர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தபின் நாடே மதத்தைப் பற்றிச் சண்டை போட்டது. 179 ரூபாயில் ஒரு மூதாட்டி எப்படி வாழ்வார் என்பது விவாதமாகவே ஆகவில்லை. முஸ்லிம் பெண்களும் 125ஆம் பிரிவில் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையிலும் மீண்டும் தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

இந்துப் பெண்ணுக்கு விவாகரத்து என்பதே 1955இல்தான் வந்தது என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. எந்த இந்துப் பெண்ணுக்கு? அண்ணல் அம்பேத்கர் இந்து சட்ட மசோதாவை அவையில் வைத்து வாதாடியபோது எதிராளிகளிடம் திருப்பிக் கேட்டது இதைத்தான். இந்துக்களில் மிகப் பெரும்பான்மையாக இருக்கும் சூத்திரச் சாதிகளிடம் விவாகரத்து வழக்கத்தில் இருக்கிறது, இல்லாதது மேல்தட்டினரிடம்தான், அந்தச் சிறுபான்மையின் வழக்கத்தை எல்லோருக்கும் தர்மமாக்காதீர்கள் என்பது அவர் வாதம். நம் சேரிகளிலும் அப்படித்தான். ஒத்துவராவிட்டால் நாட்டாமையும் பெரியவர்களும் கூடித் தீர்த்துவிடுவார்கள். அறுத்துக்கட்டுவதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நம் பாட்டிகளில் எத்தனை பேருக்கு இரண்டாம் கல்யாணம் நடந்திருக்கிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இதைச் சொன்னவுடன் பழைய பஞ்சாயத்தைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. தீர்த்துவிடும்போது ஆண் அபராதமாக ஒரு சிறு தொகையைச் சபையில் வைத்துவிட்டுப் போய்விடுவான். பிள்ளைகள் பெரும்பாலும் அம்மாவோடு. அதன்பின் அவள் கூலி வேலைக்குப் போய்த்தான் வளர்த்தாள். விடுதலை இருந்தது, சோறு இல்லை. மேல்சாதிப் பெண்ணுக்கு நேர் எதிர்: ஒதுக்கி வைத்தாலும் குடும்பச் சொத்திலிருந்து சோறும் துணியும் உண்டு, வெளியேற வழி இல்லை. அம்பேத்கரின் மசோதா இரண்டையும் சேர்க்கப் பார்த்தது. விவாகரத்து, ஒருதார மணம், சொத்தில் பங்கு, கொடுமையாலோ கைவிடப்பட்டதாலோ பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம், எல்லாம் ஒரே சட்டத்தில். அது இழுத்தடிக்கப்பட்டதால் 1951 செப்டம்பரில் அவர் சட்ட அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். விலகியதற்கு அவர் சொன்ன காரணங்களில் இந்து சட்ட மசோதாவும் இருந்தது, பட்டியல் சாதியினர் புறக்கணிக்கப்பட்டதும் இருந்தது. அவற்றைத் தனித்தனிக் கணக்கு என்று நினைப்பவர்கள்தான் இன்று நம்மிடம் "இது பெண்கள் பிரச்சினைதானே" என்கிறார்கள்.

மசோதா பின்னர் துண்டு துண்டாகச் சட்டமானது. 1955இன் இந்து திருமணச் சட்டம் 29ஆம் பிரிவில் வழக்காற்று விவாகரத்தை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் நமக்கு வெற்றி. ஆனால் வழக்காறு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்: நெடுங்காலமாக, இடைவிடாமல், இன்ன சாதியில் இன்னபடி நடக்கிறது என்று. எழுத்தே மறுக்கப்பட்ட சமூகம் தன் வழக்கத்துக்கு எழுத்துச் சான்று காட்ட வேண்டும்! விளைவு என்ன? சேரிப் பெரியவர்கள் தீர்த்துவிட்ட பெண் ஒருவர் மறுமணம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கணவன் கைவிட்டால், அவன் நீதிமன்றத்தில் சொல்லும் முதல் வாக்கியம், "இவள் முதல் கல்யாணம் சட்டப்படி முறியவே இல்லை, ஆகவே இவள் என் மனைவியே இல்லை." நேற்று வரை சோறு பொங்கிப் போட்டவளைப் பற்றி.

நீதிமன்றங்கள் இந்த இடத்தில் நூறு வகையாகப் பேசியிருக்கின்றன. முதல் மனைவி உயிரோடு இருக்கும் இந்து ஆணை மணந்த பெண் 125ஆம் பிரிவின் பொருளில் மனைவி அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988இல் சொன்னது. அவன் மறைத்தானா, அவளுக்குத் தெரியுமா என்பது பொருட்டில்லை. அதே நீதிமன்றம் 1965இல், சடங்குகள் முறையாக நடந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று கூறி இருதார மணக் குற்றத்திலிருந்து ஓர் ஆணை விடுவித்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சடங்கு சரியில்லை என்றால் ஆண் தப்புவான், சட்டம் சரியில்லை என்றால் பெண் பட்டினி கிடப்பாள். 2005இல் குஜராத்திலிருந்து வந்த வழக்கிலும் அதே முடிவு. ஆனால் அந்தத் தீர்ப்பில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய வரி ஒன்று உண்டு: சட்டத்தில் குறை இருக்கலாம், அதைத் திருத்த வேண்டியது சட்டமியற்றும் மன்றம் என்று நீதிபதிகளே சொன்னார்கள். அதற்கு முன்பே 2003இல் மலிமத் குழு, நெடுங்காலம் மனைவி போல வாழ்ந்த பெண்ணையும் 125ஆம் பிரிவில் சேருங்கள் என்று பரிந்துரைத்திருந்தது. யாரும் சேர்க்கவில்லை.

2010 அக்டோபரில் நடந்தது வேடிக்கை. முதல் வாரத்தில் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, கணவன் இறந்தபின் சமூக வழக்கப்படி அவன் தம்பியை மணந்த உத்தரப் பிரதேசப் பெண் ஒருவரின் வழக்கில், மனைவி என்ற சொல்லை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று கூறி, கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பக் கேட்டது. இரண்டு வாரம் கழித்து, 21ஆம் தேதி, இன்னொரு அமர்வு கோவையிலிருந்து வந்த வழக்கை எடுத்தது. ஓர் ஆசிரியர்மீது ஒரு பெண் போட்ட ஜீவனாம்ச வழக்கு. கோவை குடும்பநல நீதிமன்றம் மாதம் 500 ரூபாய் கொடுக்கச் சொல்லியிருந்தது. வரம்பு நீங்கி மூன்று ஆண்டு ஆகியும் அதே 500! சென்னை உயர்நீதிமன்றமும் உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. முதல் மனைவி என்று சொல்லப்பட்டவரை விசாரிக்காமலே முடிவு செய்துவிட்டார்கள் என்பது காரணம், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் போகிறபோக்கில் தீர்ப்பு, ஆண் 'வைத்துக்கொண்டிருக்கும்' பெண் என்ற பொருளில் ஒரு சொல்லைப் பயன்படுத்தியது. அன்றைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங் நீதிமன்றத்திலேயே எழுந்து அதை எதிர்த்தார். அந்தச் சொல்லின் தமிழ் வடிவத்தை நம் பெண்கள் தினமும் கேட்கிறார்கள். சாதி இந்து ஆணை நம்பிப் போன தலித் பெண் கைவிடப்படும்போது, அவன் குடும்பம் உபயோகிக்கும் முதல் ஆயுதம் அதுதான். கல்யாணமே நடக்கவில்லை என்று சொல்ல அவர்களுக்கு ஊரே சாட்சி வரும். அவளுக்கு யார் வருவார்?

பிற்பாடு காற்று கொஞ்சம் மாறியது. முதல் மணத்தை மறைத்து ஏமாற்றியவன் அந்த ஓட்டையைக் காட்டித் தப்ப முடியாது என்று 2013இல் தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரி 30 அன்று வந்தது நமக்கு மிக முக்கியமானது. முதல் கணவரோடு ஒப்பந்தம் எழுதிப் பிரிந்து, நீதிமன்ற விவாகரத்து வாங்காமல், இரண்டாவது மணம் செய்த பெண்ணுக்கு, இரண்டாவது கணவர் ஜீவனாம்சம் கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நம் அறுத்துக்கட்டிய பெண்களின் நிலைக்கு இதைவிட அருகில் வந்த தீர்ப்பு வேறில்லை. சட்டம் படிக்கும் தோழர்கள் அதை முழுதாகப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் தீர்ப்பு வேறு, சட்ட வாசகம் வேறு. டெல்லித் தீர்ப்பு தாலுகா நீதிமன்ற வராந்தாவுக்கு நடந்து வர ஆண்டுகள் ஆகும். ஜீவனாம்ச வழக்கில் கல்யாணத்தைக் கறாராக நிரூபிக்கத் தேவையில்லை என்று 1999இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அக்காவிடம் மண்டப ரசீது கேட்டது போன ஆண்டு. 2024 ஜூலை முதல் பழைய 125ஆம் பிரிவு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகிவிட்டது. எண்ணும் பெயரும் மாறின, 'மனைவி' மாறவில்லை.

கல்யாணத்துக்குக் காகிதம் இல்லாதது பாதிதான். மறுபாதி, கூலிக்குக் காகிதம் இல்லாதது. சம்பளக்காரக் கணவர்கள் வருமானத்தை மறைப்பதைத் தடுக்க, 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு, இரு தரப்பும் சொத்து, வருமான, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நல்ல தீர்ப்பு. ஆனால் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் தினக்கூலிகளுக்கும் அந்தப் பத்திரம் தேவையில்லை என்று விலக்கும் அதிலேயே இருக்கிறது. கருணையோடு தந்த விலக்குதான். ஆனால் கொத்தனாராகவோ பெயிண்டராகவோ லோடுமேனாகவோ இருப்பவர் என்ன சம்பாதிக்கிறார் என்பது அதன்பின் இரண்டு வாய்களின் சண்டையாகிவிடுகிறது. "வாரத்துல ரெண்டு நாள்தான் வேலைங்க" என்று அவர் சொல்வார். இல்லை என்று காட்ட இவளிடம் என்ன இருக்கிறது?

உத்தரவு கிடைத்தாலும் பணம் வருவது அடுத்த போராட்டம். கட்டாமல் விட்டால் ஒரு மாதம் வரை சிறையில் போடலாம் என்கிறது சட்டம். இதைப் பற்றி எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. கறாராக உள்ளே போட வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. இந்தியச் சிறைகளில் ஏற்கெனவே யார் நிரம்பியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். வாரண்டு வந்தால் போலீஸ் தேடிப் பிடிப்பது சேரிக் கூலிக்காரனைத்தான், காரில் போகிறவரை அல்ல. அவன் உள்ளே இருக்கும் மாதம் பிள்ளைகளுக்கு ஒரு ரூபாய் வரப்போவதும் இல்லை. சிறையைவிட நம்மைக் கொல்வது சட்டத்தின் இன்னொரு வரி: தவணை நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வசூலிக்க மனுப் போடாவிட்டால் அந்தத் தொகைக்கு வாரண்டு கிடையாது. இழுத்தடிக்கும் கணவனுக்குச் சட்டமே தரும் தள்ளுபடி என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகாத ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி என்று கணக்குப் பார்ப்பவளிடம்தான் இந்தக் கெடுவை வைத்திருக்கிறார்கள்.

சரி, மாநிலம் என்ன செய்ய முடியும்? செய்த வரலாறு நம்மிடமே இருக்கிறது. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்தது முதல், ஆயிரக்கணக்கான சுயமரியாதைத் திருமணங்கள் ஐயரும் அக்கினியும் இல்லாமல் நடந்தன. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு செட்டியார் குடும்பத்துச் சொத்து வழக்கில், அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஒரே தீர்ப்பில் அத்தனை பெண்களும் மனைவிகள் அல்லாதவர்கள் ஆனார்கள். அண்ணா முதல்வரானதும் 1967இல் சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். அதைவிட முக்கியம், சட்டம் வருவதற்கு முன்பு நடந்த திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது. இந்து திருமணச் சட்டமும் மத்தியச் சட்டம்தான். நீதிமன்றம் மனைவி இல்லை என்று சொன்னவர்களை, ஒரு மாநிலச் சட்டமன்றம் பின்தேதியிட்டு மனைவி என்று சொன்னது.

ஜீவனாம்சத்திலேயே முன்னுதாரணம் உண்டு. நாடாளுமன்றம் 500 ரூபாயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தபோது, மேற்கு வங்கம் 1992இல் தன் மாநிலத்துக்கு 1,500 ஆக்கியது. மத்தியப் பிரதேசம் 1998இல் 3,000. மகாராஷ்டிரம் 1999இல் 1,500. உத்தரப் பிரதேசம் 2000இல் 5,000. மாநிலங்கள் இப்படி முட்டி முட்டித்தான் 2001இல் வரம்பு ஒட்டுமொத்தமாகப் போனது. திருமணமும் குற்றவியல் நடைமுறையும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. சட்டமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றால் மாநிலத் திருத்தம் நிற்கும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி, புதிய குற்றவியல் சட்டங்களுக்கே திருத்த மசோதா நிறைவேற்றியது. ஜீவனாம்சம் அந்த மசோதாவில் இல்லை. வாய்ப்பு கையில் இருந்தபோதே விட்டுவிட்டார்கள்.

நாம் கேட்பது பெரிய பட்டியல் அல்ல. 144ஆம் பிரிவுக்கு மாநில விளக்கம் ஒன்று வேண்டும்: வழக்காற்றுப்படி மணந்தவர், வழக்காற்றுப்படி பிரிந்து மறுமணம் செய்தவர், மனைவியாக நெடுங்காலம் வாழ்ந்தவர் எல்லோரும் ஜீவனாம்சத்துக்கு மனைவியே. அப்படி வாழவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆணுடையது. ஓராண்டுக் கெடு போக வேண்டும். கணவன் தினக்கூலி என்றால், அரசு நிர்ணயித்திருக்கும் குறைந்தபட்சக் கூலியை அவர் வருமானமாக எடுத்துக்கொள்ள வேண்டும். உத்தரவான தொகையை அரசே ஒரு நிதியிலிருந்து மாதாமாதம் கொடுத்துவிட்டு, பிறகு அவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கான தொகையில் ஜெர்மனி 1980 முதல் இதைச் செய்கிறது. மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகையை இத்தனை லட்சம் பெண்களின் வங்கிக் கணக்கில் போடத் தெரிந்த அரசுக்கு இது முடியாத வேலை அல்ல.

இன்னொன்றுக்கு டெல்லி ஒப்புதலே தேவையில்லை. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம் 1986 முதல் நம் மாநிலத்தில் இருக்கிறது, இப்போது மாதம் 1,200 ரூபாய். ஆனால் முப்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்தோ நீதிமன்றப் பிரிவினைச் சான்றோ இல்லாவிட்டால், கைவிடப்பட்டு ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். இருபத்திமூன்று வயதில் கைக்குழந்தையோடு நிற்பவள் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டுமா? இதை மாற்ற ஓர் அரசாணை போதும்.

அடுத்த கூட்டத்தொடருக்கு முன் தொகுதி தொகுதியாகப் போய் மனுக் கொடுக்கப் போகிறோம். தனித்தொகுதி உறுப்பினர்களிடம் முதலில். நீங்கள் இருக்கும் ஊரில் ஜீவனாம்ச வழக்கு நடத்தும் பெண்கள் இருந்தால், வழக்குப் போட்ட தேதி, உத்தரவான தேதி, பணம் கைக்கு வந்த தேதி, இந்த மூன்றையும் அவர்கள் சம்மதத்தோடு குறித்து எடுத்து வாருங்கள். பெயர் வேண்டாம். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு என்பதைக் கையோடு அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பலருக்குத் தெரிவதில்லை.

அந்த அக்காவுக்கு ஒருவழியாக இடைக்கால உத்தரவு கிடைத்தது, மாதம் 2,000 ரூபாய். பதினான்கு மாதமாகியும் ஒரு தவணைகூட வரவில்லை. வசூல் மனுப் போடப் போன வாரம்தான் வேலையில் லீவு கிடைத்தது. முதல் இரண்டு மாதப் பணம் காலாவதியாகிவிட்டது என்று வக்கீல் சொன்னார். "அப்ப அந்த ரெண்டு மாசம் புள்ளைங்க சாப்பிடலையாமா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டுவிட்டு, மீதிப் பன்னிரண்டு மாதத்துக்குக் கைநாட்டு வைத்தார்.